காமராஜரும் அவர் காலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூலை 15 நெருங்கினால் பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கல்வி வளர்ச்சி நாள், பேச்சுப் போட்டி, மூன்று நிமிடத்துக்குள் காமராஜர். கதர்ச் சட்டை, மதிய உணவு, அணைகள், எளிமை எல்லாம் அந்த மூன்று நிமிடத்தில் வந்துவிடும். அவர் ஐம்பது ஆண்டுக்கும் மேல் அரசியல் செய்தவர் என்பது மட்டும் விட்டுப்போகும். பிள்ளைகளும், அவர்களைவிட அதிகமாகப் பெற்றோரும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். அவரைச் சாமியாராகப் பார்ப்பவர்களுக்குச் சில பதில்கள் கசக்கலாம். எனக்கு அவர் தேர்ந்த கட்சிக்காரர். மரியாதையும் அதனால்தான்.

காமராஜர் என்பது இயற்பெயரா?

குலதெய்வத்தின் பெயரான காமாட்சி என்றுதான் முதலில் பெயர் வைத்தார்கள். தாய் சிவகாமி அம்மாள் ராஜா என்று கூப்பிட, இரண்டும் சேர்ந்து காமராஜ் ஆனது. பிறந்தது 1903 ஜூலை 15, விருதுபட்டியில். அந்த ஊர்தான் இன்றைய விருதுநகர்.

ஆறாம் வகுப்போடு படிப்பை ஏன் நிறுத்தினார்?

அப்பா குமாரசாமி நாடார் இறந்தபோது பையனுக்கு ஆறு வயது. தேங்காய் வியாபாரம் செய்த குடும்பம். அம்மாவும் தங்கை நாகம்மாளும் இருந்தார்கள். சில ஆண்டுகள் தள்ளிப் பார்த்துவிட்டு, மாமா கருப்பையா நாடாரின் ஜவுளிக் கடையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அந்தக் காலத்தில் இது ஊரில் பாதிப் பையன்களுக்கு நடந்ததுதான்.

அவர் படித்த பள்ளியைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதைத்தான் பேச வேண்டும். விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை அரசு கட்டிய பள்ளி அன்று. ஊர் நாடார்கள் வியாபாரத்தில் பொதுக் காரியத்துக்கென்று பிடித்த மகமைப் பணத்திலும், வீடுவீடாகப் போட்ட பிடியரிசியிலும் நடந்த பள்ளி. தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள், அதைச் சேர்த்து விற்றுப் பள்ளிக்குக் கொடுப்பார்கள். பின்னால் மதிய உணவுத் திட்டத்தில் ஊர்க்காரர்களும் பங்கு போட வேண்டும் என்று ஏற்பாடு செய்த முதலமைச்சர், சின்ன வயதில் பிடியரிசிப் பள்ளியில் படித்தவர். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று நேரடியாக நிரூபிக்க என்னால் முடியாது, ஆனால் இல்லை என்று நம்பவும் முடியவில்லை.

அவர் பிறந்தபோது நாடார் சமூகத்தின் நிலை எப்படி இருந்தது?

வியாபாரத்தில் பணம் வந்துவிட்டது, கோயில் கதவு திறக்கவில்லை. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். வழக்கு அன்றைய கடைசி நீதிமன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் நாடார்களுக்கு உரிமை இல்லை என்று தீர்ப்பானது. இதற்கு நடுவில் 1899இல் சிவகாசிக் கலவரம். அப்போது காமராஜரின் பெற்றோர் தலைமுறை இளம் வயதில் இருந்தது. வீட்டுத் திண்ணைகளில் வேறு எதைப் பேசியிருப்பார்கள்?

இன்னொரு சங்கதியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1954இல் அவர் அமைத்த அமைச்சரவையில் ராமநாதபுரம் சண்முக ராஜேசுவர சேதுபதி ஓர் அமைச்சர். வழக்குப் போட்ட அதே குடும்பம். கோயில்களைக் கவனிக்கும் அறநிலையத் துறையைக் காமராஜர் கொடுத்தது, ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பரமேசுவரனுக்கு. இதைப் பற்றி அவர் மேடையில் விளக்கம் எதுவும் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை, செய்துவிட்டுப் போய்விட்டார்.

அப்படியென்றால் அவர் நீதிக்கட்சிக்குத்தானே போயிருக்க வேண்டும்?

நல்ல கேள்வி. விருதுநகர்ப் பெரிய மனிதர்கள் பலர் அங்கேதான் இருந்தார்கள். பார்ப்பனரல்லாதார் இயக்கம் அவர்களுக்கு மரியாதை கொடுத்தது. காங்கிரஸ் அங்கே பிழைக்கத் தெரியாதவர்களின் கட்சி. ஜவுளிக் கடையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்த பையனை 1919 ஜாலியன்வாலாபாக் படுகொலை இழுத்தது என்பது அவர் வாழ்க்கை வரலாறுகள் எல்லாவற்றிலும் வரும். ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியபோது அவர் முழுநேரத் தொண்டராகிவிட்டார்.

குடும்பம் பயந்துபோய், திருவனந்தபுரத்தில் மரக்கடை வைத்திருந்த இன்னொரு மாமாவிடம் அனுப்பியது. பையன் அரசியலை மறப்பான் என்று கணக்கு. அங்கே போனால் வைக்கம் சத்தியாகிரகம். கோயிலைச் சுற்றிய தெருக்களில் தாழ்த்தப்பட்டோர் நடக்க உரிமை கேட்டு 1924இல் தொடங்கிய போராட்டம், பெரியார் போய்ச் சிறைப்பட்ட போராட்டம். காமராஜரும் அதில் கலந்துகொண்டார். கணக்கு தப்பியது. கல்யாணப் பேச்சு எடுத்தும் பார்த்தார்கள், அதுவும் நடக்கவில்லை. கடைசிவரை தனியாள்தான்.

எத்தனை ஆண்டு சிறையில் இருந்தார்?

எல்லாம் சேர்த்து ஒன்பது ஆண்டு அளவில். முதல் சிறை 1930 உப்பு சத்தியாகிரகத்தில்: இரண்டு ஆண்டுத் தண்டனை, பெல்லாரி அலிப்புரம் சிறை. காந்தி–இர்வின் ஒப்பந்தத்தால் 1931இலேயே வெளியே வந்தார். 1940இல் மறுபடி பிடித்து வேலூரில் வைத்தார்கள். அப்போது உள்ளே இருந்தபடியே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வெளியே வந்தவுடன் அந்தப் பதவியை விட்டு விலகினார். கட்சி வேலை இருக்கும்போது நகராட்சி நாற்காலி எதற்கு என்பது அவர் எண்ணம்.

1942 கதை எனக்குப் பிடித்தது. பம்பாயில் வெள்ளையனே வெளியேறு தீர்மானம் முடிந்து எல்லோரும் ஊர் திரும்புகிறார்கள், வழியிலேயே போலீஸ் தலைவர்களைத் தூக்குகிறது. சென்னை வரை போனால் பிடிபடுவோம் என்று தெரிந்து, அதற்கு முன்பே ரயிலை விட்டு இறங்கிவிட்டார். மாவட்டம் மாவட்டமாகப் போய் யார் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி முடித்தார். அப்புறம் விருதுநகர் வந்து, நான் வந்துவிட்டேன், கைது செய்துகொள்ளுங்கள் என்று போலீசுக்குச் சொல்லி அனுப்பினார். அமராவதிச் சிறை, மறுபடி வேலூர், விடுதலை 1945இல்.

ராஜாஜிக்கும் அவருக்கும் என்ன சண்டை?

அந்தக் காலத் தமிழக காங்கிரசில் இரண்டு கோஷ்டி: ராஜாஜி ஒரு பக்கம், சத்தியமூர்த்தி ஒரு பக்கம். காமராஜர் சத்தியமூர்த்தியின் சீடர். 1940இல் மாகாண காங்கிரஸ் தலைவர் தேர்தலில் ராஜாஜி தரப்பு வேட்பாளரைக் காமராஜர் தோற்கடித்தார். குரு சத்தியமூர்த்தி சிஷ்யனுக்குக் கீழே செயலாளராக உட்கார்ந்தார். அப்படி உட்கார எத்தனை பேருக்கு மனம் வரும்? சத்தியமூர்த்தி 1943இல் இறந்துவிட்டார்.

1942 போராட்டத்தை ஆதரிக்காமல் ராஜாஜி கட்சியை விட்டு விலகி நின்றார். சிறை சென்றவர்களுக்கு அது ஆறாத புண். 1945இல் அவர் திரும்பி வந்தபோது கட்சி இரண்டுபட்டது. 1946 தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்கு வந்த காந்தி, ராஜாஜிக்கு எதிராக இங்கே ஒரு சிறு கும்பல் வேலை செய்கிறது என்ற பொருளில் தன் பத்திரிகையில் எழுதிவிட்டார். யாரைச் சொன்னார் என்று ஊருக்கே புரிந்தது. காமராஜர் காந்தியைத் திட்டவில்லை. தேர்தல் வேட்பாளர்களைத் தேர்வு செய்யும் குழுவிலிருந்து விலகினார், கட்சித் தலைவர் பதவியை மட்டும் கையில் வைத்துக்கொண்டார்.

அங்கேதான் சூட்சுமம். அடுத்த சில ஆண்டுகளில் பிரகாசம் போய் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், ஓமந்தூரார் போய் குமாரசாமி ராஜா என்று முதல்வர்கள் மாறினார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னாலும் கட்சியைக் கையில் வைத்திருந்தவர் இருந்தார். டெல்லியில் பிரதமர்களை உருவாக்கியதைப் பெரிதாகப் பேசுகிறோம், அந்த வேலையை அவர் சென்னையில் 1947இலேயே பழகியிருந்தார்.

1954இல் முதலமைச்சர் ஆனது எப்படி?

1952 தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை, 375இல் 152 இடம்தான். நெருக்கடியைச் சமாளிக்க ராஜாஜியை அழைத்து மேலவை வழியாக முதல்வர் ஆக்கினார்கள். 1953இல் ஆந்திரம் பிரிந்து போனது. அதே ஆண்டு ராஜாஜி புதிய தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் அரைநாள் பள்ளியில் படிப்பார்கள், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்பார்கள். குலக்கல்வித் திட்டம் என்று எதிர்ப்பாளர்கள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. பெரியார் எதிர்த்தார், தி.மு.க. எதிர்த்தது, காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. ராஜாஜி விலகினார்.

கட்சிக்குள் நடந்த தேர்தலில் ராஜாஜி தரப்பின் சி.சுப்பிரமணியம் 41 வாக்கு, காமராஜர் 93. 1954 ஏப்ரல் 13 அன்று பதவியேற்றார். தோற்ற சுப்பிரமணியத்தையும், அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். குலக்கல்வித் திட்டம் கைவிடப்படுகிறது என்று அறிவித்தவரே கல்வி அமைச்சரான அதே சுப்பிரமணியம்தான்! முதல்வரையும் சேர்த்து மொத்தம் எட்டுப் பேர். அதில் வன்னியர் ஆதரவு பெற்ற இரண்டு கட்சிகளின் தலைவர்கள், ராமசாமி படையாச்சியும் மாணிக்கவேலு நாயக்கரும், இடம் பெற்றார்கள். 1952இல் வட மாவட்டங்களில் காங்கிரசுக்கு விழுந்த ஓட்டையை இப்படித்தான் அடைத்தார். சமரசமா, சாமர்த்தியமா? இரண்டும்.

மதிய உணவை அவர்தான் முதலில் கொண்டுவந்தாரா?

இல்லை. சென்னை மாநகராட்சியில் நீதிக்கட்சியின் தியாகராயர் தலைமையில் 1920இலேயே ஆயிரம்விளக்குப் பள்ளியில் தொடங்கிவிட்டார்கள். காமராஜர் செய்தது அதை மாநிலத் திட்டமாக்கியது, 1956இல். காசு எங்கே என்று அதிகாரிகள் தயங்கினார்கள். கல்வித் துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு கூடவே நின்றார். செலவில் அரசு ஒரு பங்கு போட, மீதியை ஊர்க்காரர்கள் சேர்த்தார்கள். பின்னாளில் கேர் என்ற அமெரிக்க அமைப்பு பால் பவுடரும் மக்காச்சோள மாவும் கொடுத்தது. எண்பதுகளில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார்.

சாப்பாட்டைப் பேசும் அளவுக்கு மற்றதைப் பேசுவதில்லை. ஒரு மைலுக்குள் தொடக்கப்பள்ளி என்று இலக்கு வைத்தார்கள். தனியார் உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கும் 1955இல் ஓய்வூதியம் வந்தது. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தி, ஊர்க்காரர்களிடமே பெஞ்சு, கரும்பலகை, கட்டடம், சீருடை என்று வாங்கினார்கள். 1951 கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு சுமார் 21 பேர், 1961இல் சுமார் 31 பேர். முழுப் பெருமையும் ஓர் ஆளுக்குச் சேராது, ஆனால் அந்தப் பத்தில் அவர் பங்கு பெரிது.

அணைகள், தொழிற்சாலைகள்?

வைகை, மணிமுத்தாறு, சாத்தனூர், கிருஷ்ணகிரி, கேரளத்தோடு பேசி முடித்த பரம்பிக்குளம்–ஆழியாறு. தொழில் பக்கம் நெய்வேலி, பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை, திருச்சி பெல், கிண்டித் தொழிற்பேட்டை. பட்டியல் எல்லோருக்கும் மனப்பாடம். இவற்றில் பல மத்திய அரசின் பணம், ஐந்தாண்டுத் திட்டங்களின் காலம். டெல்லியில் நேரு, இங்கே தொழில் அமைச்சராக ஆர்.வெங்கட்ராமன். வந்த வாய்ப்பை விடாமல் பிடித்துக்கொண்ட மாநிலம் இது.

தமிழ்நாடு என்று பெயர் வைக்க மறுத்தாரா?

மறுத்தது அவர் அரசு. அவர் சொந்த ஊரிலேயே அது நடந்தது. விருதுநகரில் சங்கரலிங்கனார் என்ற முதிய காந்தியவாதி, மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டுவது உட்பட 12 கோரிக்கைகளை வைத்து 1956 ஜூலை 27 அன்று உண்ணாவிரதம் தொடங்கினார். இரண்டரை மாதத்துக்கு மேல் இருந்து, அக்டோபர் 13 அன்று உயிர்விட்டார். அரசு இறங்கி வரவில்லை. அதே ஆண்டு தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டத்தை இந்த அரசுதான் நிறைவேற்றியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மொழிக்குச் சட்டம் போட்டவர்கள் பெயருக்கு ஏன் பிடிவாதம் பிடித்தார்கள்? பிரிவினை பேசும் தி.மு.க.வின் கோரிக்கை போலத் தோன்றிவிடும் என்ற பயம் காரணமாக இருக்கலாம். அது தவறான கணக்கு என்று எனக்குத் தோன்றுகிறது. அண்ணா ஆட்சியில் 1967இல் தீர்மானம் நிறைவேறி, 1969 பொங்கலன்று பெயர் நடைமுறைக்கு வந்தது.

முதுகுளத்தூர் பற்றி ஏன் பேச்சுப் போட்டியில் வருவதில்லை?

பரிசு கிடைக்காது என்பதால்தான். 1957இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் மறவர்களுக்கும் தேவேந்திரர்களுக்கும் இடையே மோதல். சமாதானக் கூட்டத்துக்கு மறுநாள், செப்டம்பர் 11 அன்று, தேவேந்திரர் தரப்புத் தலைவர் இமானுவேல் சேகரன் பரமக்குடியில் கொல்லப்பட்டார். சில நாளில் கீழத்தூவலில் போலீஸ் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றது. முத்துராமலிங்கத் தேவர் கைதாகி, பின்பு வழக்கிலிருந்து விடுதலையானார். அரசு உறுதியாக நின்றது என்பார்கள் ஒரு தரப்பார், போலீசை அவிழ்த்துவிட்டது என்பார்கள் இன்னொரு தரப்பார். ஊரூராக இரண்டு கதை இன்றும் உண்டு. அவர் ஆட்சியைப் பொற்காலம் என்று ஒரே சொல்லில் முடிப்பவர்கள் அந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு நாள் தங்கிப் பார்க்கலாம்.

கே–பிளான் என்றால் என்ன? பதவியை ஏன் விட்டார்?

1962இல் சீனாவிடம் தோல்வி. 1963இல் மூன்று மக்களவை இடைத்தேர்தல்களில் கிருபளானி, லோகியா, மசானி என்று மூன்று எதிர்க்கட்சிக்காரர்கள் வென்றார்கள். கட்சி துருப்பிடிக்கிறது என்று காமராஜர் நினைத்தார். மூத்தவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போக வேண்டும் என்பது யோசனை. நேரு பிடித்துக்கொண்டார். லால் பகதூர் சாஸ்திரி, மொரார்ஜி தேசாய், ஜகஜீவன் ராம் உட்பட ஆறு மத்திய அமைச்சர்கள் விலகினார்கள், ஆறு முதல்வர்களும் விலகினார்கள். காமராஜர் 1963 அக்டோபர் 2 அன்று முதல்வர் நாற்காலியைப் பக்தவத்சலத்திடம் கொடுத்தார்.

மொரார்ஜியை ஓரங்கட்டும் சூழ்ச்சி என்று சிலர் சொன்னார்கள். அந்த விளைவும் ஏற்பட்டது. ஆனால் பெரிய விலை கொடுத்தது தமிழக காங்கிரஸ்தான். அவர் போன பிறகு இங்கே வந்தது அரிசிப் பஞ்சமும் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டமும். கோட்டையில் அவர் இருந்திருந்தால் மாணவர்கள் மேல் துப்பாக்கி நீண்டிருக்காது என்று இன்றும் பழைய காங்கிரஸ்காரர்கள் பெருமூச்சு விடுவார்கள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

பிரதமராக வாய்ப்பு இருந்தும் மறுத்தாரா?

1964 ஜனவரியில் அகில இந்திய காங்கிரஸ் தலைவர் ஆனார். மே 27 அன்று நேரு இறந்தார். எம்.பி.க்களையும் முதல்வர்களையும் ஒவ்வொருவராகக் கலந்து பேசி, போட்டியில்லாமல் சாஸ்திரியைக் கொண்டுவந்தார். 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் சாஸ்திரியும் இறந்ததும், காமராஜரையே பிரதமர் ஆகச் சொன்னவர்கள் உண்டு. இந்தியும் இங்கிலீஷும் சரளமாக வராமல் எப்படி என்று தட்டிக் கழித்ததாகச் சொல்வார்கள். ஆங்கிலம் அவருக்குப் புரியும், தேவைக்குப் பேசவும் செய்வார். இந்தி பேசும் வட மாநிலங்களைத் தாங்கிப் பிடிக்க முடியாது என்ற கணக்கு அவருக்கு இருந்திருக்கும் என்பது என் ஊகம். இந்திரா காந்தியை நிறுத்தினார்: 355 வாக்கு, மொரார்ஜிக்கு 169. ஆறே மாதத்தில் ரூபாய் மதிப்பைக் குறைத்த முடிவில் இருவருக்கும் முட்டிக்கொண்டது.

சொந்த ஊரிலேயே 1967இல் எப்படித் தோற்றார்?

1,285 வாக்கு வித்தியாசத்தில், பெ.சீனிவாசன் என்ற இளைஞரிடம். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் உருவான மாணவர் தலைவர் அவர், தி.மு.க. வேட்பாளர். காமராஜர் விபத்தில் அடிபட்டுப் பிரசாரத்துக்கு அதிகம் போகவில்லை. படுத்துக்கொண்டே ஜெயிப்பேன் என்றார் என்று ஒரு பேச்சு உண்டு, அதைச் சொல்லிச் சிரித்தவர்கள் அதிகம். அரிசி விலை, ரூபாய்க்கு மூன்று படி என்ற வாக்குறுதி, எம்.ஜி.ஆர். சுடப்பட்டதில் எழுந்த அனுதாபம் என்று காரணங்களை அடுக்கலாம்.

யாரும் கவனிக்காத எண் ஒன்று உண்டு. மாநிலம் முழுவதும் காங்கிரஸ் பெற்றது 41 விழுக்காட்டுக்குச் சற்று மேல், தி.மு.க. அதைவிடக் கொஞ்சம் குறைவு. இடங்களோ தி.மு.க.வுக்கு 137, காங்கிரசுக்கு 51. ராஜாஜியின் சுதந்திராக் கட்சியிலிருந்து மார்க்சிஸ்டுகள் வரை அண்ணா கூட்டணி கட்டியிருந்தார், காங்கிரஸ் தனியாக நின்றது. 1954இல் எதிராளிகளையெல்லாம் தன் பக்கம் இழுத்துப்போட்ட கணக்குப்பிள்ளை, 1967இல் அதே கணக்கில் தோற்றார்.

அதற்குப் பிறகு?

1969 ஜனவரியில் நாகர்கோவில் மக்களவை இடைத்தேர்தலில் பெரிய வித்தியாசத்தில் வென்றார். அதே ஆண்டு வங்கிகள் நாட்டுடைமை, குடியரசுத் தலைவர் தேர்தல் சண்டை, கடைசியில் நவம்பரில் காங்கிரஸ் பிளவு. தான் பிரதமராக்கியவரை எதிர்த்து ஸ்தாபன காங்கிரசில் நின்றார். 1971இல் தமிழ்நாட்டில் அவருக்குத் துணையாக வந்தவர் யார் தெரியுமா? ராஜாஜி. முப்பது ஆண்டுச் சண்டைக்குப் பிறகு இரண்டு கிழவர்களும் ஒரே மேடையில். சட்டமன்றத்தில் ஸ்தாபன காங்கிரசுக்குக் கிடைத்தது 15 இடம்.

1975 ஜூனில் நெருக்கடிநிலை வந்தது. அவர் அதை எதிர்த்தார், நண்பர்கள் வடக்கே சிறைகளில் இருந்தார்கள். அக்டோபர் 2 அன்று, காந்தி பிறந்த நாளில், தியாகராய நகர் திருமலைப் பிள்ளை சாலை வீட்டில் உயிர் பிரிந்தது. சில மாதத்தில் அவர் கட்சியின் பெரும்பகுதி இந்திரா காங்கிரசோடு இணைந்தது. 1976இல் பாரத ரத்னா.

எளிமைக் கதைகள் எல்லாம் உண்மையா?

அடிப்படை உண்மை. சொந்த வீடு வாங்கவில்லை, சென்னையில் இருந்தது வாடகை வீடு. விருதுநகரில் அம்மா அதே சின்ன வீட்டில் இருந்தார். பையில் இருந்த ரூபாய், பெட்டியில் இருந்த வேட்டி என்று வாட்ஸ்அப்பில் வரும் எண்களை மட்டும் நம்ப வேண்டாம். ஆளுக்கு ஆள் மாறுகின்றன.

பிள்ளைகளை எங்கே கூட்டிப்போகலாம்?

விருதுநகர் போங்கள். அவர் பிறந்து வளர்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. குறுகலான தெரு, வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். சத்திரிய வித்தியாசாலைப் பள்ளியும் அதே ஊர்தான். நேரம் இருந்தால் சங்கரலிங்கனார் மணிமண்டபத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள், அங்கே கூட்டம் இருக்காது.